உங்களுக்குத் தெரியுமா? தெற்கத்திச் சின்ன ஊர்களில் தின்னவும் குடிக்கவும்

விருதுநகரில் தொடங்கி மேற்கே செங்கோட்டை, கிழக்கே உடன்குடி வரை உள்ள சின்ன ஊர்களில் எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம் என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மணி என்ன? காலை பத்துக்கு மேல் இட்லிச் சட்டியை இறக்கிவிடுவார்கள். மூன்று மணிக்கு மேல் மதியச் சாப்பாடு கிடைத்தால் உங்கள் யோகம். பரோட்டாக் கல் சூடேறுவது பொழுது சாயும்போதுதான். நேரம் தப்பி வந்து இறங்கிவிட்டு, 'இந்த ஊர்ல ஒண்ணுமே கிடைக்காதுங்க' என்று சொல்லிப் போகிறவர்களே அதிகம்.

● விருதுநகரில் பரோட்டாவைச் சுடுவதோடு விடுவதில்லை, பொரிக்கவும் செய்கிறார்கள். அகலமான கல்லின் நடுவே எண்ணெய் தேங்கி நிற்கும். தட்டிய பரோட்டாவை அதில் தள்ளி, இரண்டு பக்கமும் சிவந்து மொறுமொறுப்பானதும் எடுத்து எண்ணெயை வடியவிட்டு இலையில் போடுவார்கள். இதுதான் எண்ணெய் பரோட்டா. சாப்பிடவும் ஒரு பக்குவம் இருக்கிறது. பிய்த்துப் போட்டு, சால்னாவைத் தாராளமாக ஊற்றி, கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் தின்றால் முறுக்கு, மறந்துவிட்டால் கூழ். இரண்டுக்கும் நடுவில் வரும் அந்தப் பதத்துக்காகத்தான் சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே கூட்டம்.

● இந்தச் சீமையில் தெருவுக்குத் தெரு பரோட்டாக் கடை இருக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஒரு மணி கோதுமைகூட விளைவதில்லை. கரிசலில் விளைவது கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் பருத்தியும். ஊருக்கே உரிய தானியத்தைச் சாப்பிட வேண்டுமானால் கோடையில் சாலையோரம் நிற்கும் கூழ் வண்டியைத் தேட வேண்டும். முதல் நாள் காய்ச்சிப் புளிக்கவிட்ட கம்பங்கூழை மோர் விட்டுக் கரைத்துத் தருவார்கள். கடித்துக்கொள்ள மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், மாங்காய்க் கீற்று, சின்ன வெங்காயம். பதினோரு மணி வெயிலில் இதைக் குடித்தவர்கள் மதியச் சாப்பாட்டைத் தேட மாட்டார்கள்.

● காளிமார்க் பிறந்தது விருதுநகரில். பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் 1916-இல் தொடங்கிய சோடா கம்பெனி அது. அதன் திராட்சை வாசனைப் பானமான பொவொண்டோ, பெரிய பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்த பிறகும் தெற்கத்திப் பெட்டிக்கடைகளை விட்டுப் போகவில்லை. பிரியாணிக்குப் பிறகு என்ன என்று கேட்டால் இந்தப் பக்கம் பலருக்கும் அதுதான் பதில்.

● கோலி சோடா பாட்டிலை வடிவமைத்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர், 1870-களில். உள்ளே இருக்கும் வாயு அழுத்தம்தான் கோலிக்குண்டை மேலே தள்ளி, கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தோடு சேர்த்து அடைக்கிறது. மூடியும் இல்லை, தக்கையும் இல்லை. அதனால்தான் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புகிறார்கள். நிமிர்த்தும்போது குண்டு தானாகப் போய் அடைத்துக்கொண்டிருக்கும். கழுத்துக்குக் கீழே இருக்கும் பள்ளம் அழகுக்காக வைத்ததில்லை. சரித்துக் குடிக்கும்போது குண்டு உருண்டு வந்து வாயை மறுபடி அடைக்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். தெரியாமல் மறுபக்கம் சரித்துவிட்டு, சோடா வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

● நன்னாரி சர்பத்தின் வாசம் ஒரு கொடியின் வேரிலிருந்து வருவது. எலுமிச்சை பிழிந்தால் தனி ருசி. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

● கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலை, வெல்லப்பாகு, தாமிரபரணித் தண்ணீர் என்று அந்த ருசிக்குக் காரணம் சொல்வார்கள். பாகின் பதம் என்பதுதான் என் கட்சி. ஒரு கம்பி முந்தினால் பல்லில் ஒட்டும், பிந்தினால் பல்லை உடைக்கும். மேலே தூவும் நிறமேற்றிய தேங்காய்த் துருவல் பழைய வழக்கம். இத்தனைக்கும் நிலக்கடலை நம் ஊர்ப் பயிர் இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வந்த பயிரை ஊர்ப் பேராகவே ஆக்கிக்கொண்டது கோவில்பட்டி.

● சாத்தூர் என்றதும் காராச்சேவு என்பீர்கள். கடலை மாவும் காரமும் பூண்டு வாசமும் சேர்ந்த அந்தச் சேவு நல்லதுதான், மறுக்கவில்லை. அதே ஊரில் அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் பிழிந்து, பாகில் முக்கி எடுக்கும் கருப்பட்டி மிட்டாய் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் மேலே, வெயில் காலத்தில் கூடையில் வரும் வெள்ளரிப் பிஞ்சு. கீறி உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிப் பேருந்து ஜன்னலுக்கு நீட்டுவார்கள். சாத்தூரில் என் ஓட்டு வெள்ளரிப் பிஞ்சுக்குத்தான். அதை வேறு ஊருக்கு எடுத்துப் போய் விற்க முடியாது, வாடிவிடும்.

● ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் வந்தது. பசும்பால், சர்க்கரை, விறகடுப்பு, ஓயாமல் கிண்டும் ஒரு கை. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. ஏலக்காய், முந்திரி சேர்த்தது 'ஸ்பெஷல்' ஆகலாம், ஆனால் ஊர்க்காரர்கள் வாங்குவது வெறும் பால்கோவாதான். கூட்டுறவுப் பால் சங்கமும் அங்கே பால்கோவா செய்து விற்கிறது. ஆண்டாள் கோயில் பக்கம் எல்லாக் கடைப் பலகையும் ஒன்றுபோலவே இருக்கும். எது வாங்குவது என்று குழம்பினால், கையில் ஒரு துளி கேளுங்கள், தருவார்கள். வெதுவெதுப்பாக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

● பாக்கெட் போடாமல் தட்டில் அடுக்கி விற்கும் இனிப்புக்கும் 'எத்தனாம் தேதிக்குள் சாப்பிட வேண்டும்' என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். பால் பண்டங்கள் வாங்கும்போது இந்த அட்டையைத் தேடுங்கள். காணோமென்றால் கேளுங்கள்.

● எட்டயபுரத்தில் ஆட்டுச்சந்தை கூடுவது சனிக்கிழமை. சந்தை நாளில் எந்தச் சின்ன ஊரிலும் அடுப்பு முன்கூட்டியே எரியும். விடியும் முன்னே யாவாரிகள் வந்து இறங்குவதால் ஐந்து மணிக்கே இட்லி ஆவி பறக்கும். மறுநாள் அதே கடைக்கு எட்டு மணிக்குப் போனால்கூட, 'இப்பத்தான் பத்த வச்சிருக்கேன், உக்காருங்கண்ணே' என்பார்கள்.

● ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, மற்ற நாளில் கோழி என்பது பல சின்ன ஊர்களின் எழுதாத சட்டம். ஒரு ஆட்டை உரித்தால் அன்றைக்கே விற்றுத் தீர வேண்டும், அவ்வளவு பேர் வாங்க வருவது ஞாயிறு மட்டுமே. செவ்வாய்க்கிழமை சுக்கா கேட்டு, 'இருக்கு' என்று பதில் வந்தால் இரண்டாவது கேள்வி கேட்பது உடம்புக்கு நல்லது. புரட்டாசியில் பலரும் கவுச்சி தொடாததால் கறிக்கடை, அசைவ ஓட்டல் இரண்டிலும் யாவாரம் மந்தம். சில கடைகள் அந்த மாதத்தில்தான் வெள்ளையடிப்பும் மராமத்தும் வைத்துக்கொள்கின்றன.

● ரம்ஜான் மாதத்தில் கடையநல்லூர் போன்ற ஊர்களில் சாயங்காலம் இருந்தால் நோன்புக் கஞ்சி குடிக்காமல் திரும்பாதீர்கள். பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் அரிசி, பருப்பு, இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் போட்டுக் காய்ச்சுவார்கள். தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் நோன்பு வைக்காத அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

● தமிழ்நாட்டில் அறநிலையத் துறைக் கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. கையில் காசு தீர்ந்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், உச்சிக்கால பூஜைக்குப் பிறகு யாரும் உட்காரலாம். எண்ணிக்கை வரம்பு இருப்பதால் டோக்கன் முன்கூட்டியே தீர்ந்துவிடும்.

● 'அளவுச் சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' என்று பலகையில் இரண்டு விலை போட்டிருந்தால், அளவில் சோறு ஒரு தடவைதான். முழுவில் கேட்கக் கேட்க வரும். வயிறு எப்படியோ, சோறு மிஞ்சினால் வைப்பவர் முகம் வாடும். கொஞ்சமாகப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்வதே இரண்டு பேருக்கும் மரியாதை. இலையின் நுனி உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அவசரத்தில் மாற்றிப் போட்ட இலையைப் பந்தியில் பெரியவர்கள் யாராவது பார்த்தால் விட மாட்டார்கள்.

● நெல்லைச் சீமையின் பெருமை என்று எல்லோரும் பேசும் சொதி, தேங்காய்ப்பாலில் காய்கறி வேகவைத்த குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவார்கள். ஓட்டல்களில் அபூர்வம். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள்.

● செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூரில் 'பார்டர்' என்று பேர் வைத்த பரோட்டாக் கடைகளைப் பார்க்கலாம். ஆனால் அங்கே எல்லை எதுவும் இல்லை, கேரளம் இன்னும் தள்ளி மலைமேல் இருக்கிறது. விஷயம் இதுதான். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, தென்காசி சென்னை மாநிலத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பிரானூரில்தான் எல்லை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, எல்லையும் மேற்கே நகர்ந்துவிட்டது. பேர் மட்டும் நகரவில்லை. இன்று அந்தப் பேரைக் கேட்டதும் நாக்கில் ஊறுவது நாட்டுக்கோழி வறுவலும் சின்னச் சின்ன பரோட்டாவும். பக்கத்துக் குற்றால அருவியில் குளித்துப் பசியோடு வருகிறவர்களை நம்பி வளர்ந்த கடைகள் அவை. சீசன் ஞாயிற்றுக்கிழமை போனால் சாப்பிடுவதைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம். வார நாளில் போங்கள்.

● ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால்தான் ஜூன் தொடங்கிக் குற்றாலத்தில் சாரல். அந்த மாதங்களில் கடைகளில் மங்குஸ்தான், ரம்புத்தான் பழங்கள் குவியும். மற்ற நாளில் தேடினாலும் கிடைக்காது.

● பதநீருக்கும் கள்ளுக்கும் வித்தியாசம் ஒரு பூச்சுதான். பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது அதன் உட்பக்கம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, பதநீர். தடவாவிட்டால் நொதித்துக் கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. பதநீர் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் கோடையில், அதுவும் காலையில் மட்டும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். உள்ளே நுங்கை நழுவவிட்டுக் குடிப்பது ஒரு வகை, மாங்காய்த் துண்டு போட்டுக் குடிப்பது இன்னொரு வகை. வெயில் ஏறியபின் சாலையில் விற்பதை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். சர்க்கரைத் தண்ணீரில் சாக்கரின் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

● அந்தப் பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருச்செந்தூரில் ஓலைக் கொட்டானில் அடைத்து விற்கும் சில்லுக்கருப்பட்டி சுக்கு சேர்த்த சின்ன வில்லைகள். கருப்பட்டியைக் கொதிக்கும் பாலில் போட்டால் பால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு. பழைய ஆட்கள் கருப்பட்டிக் காப்பியைப் பாலில்லாமல் கடுங்காப்பியாகவே குடித்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

● சாத்தான்குளம் பக்கத்து முதலூரில் மஸ்கோத் அல்வா என்று ஒன்று செய்கிறார்கள். நெய்க்குப் பதில் தேங்காய்ப்பால். கிண்டக் கிண்டத் தேங்காய்ப்பாலே எண்ணெய் விடும், அதிலேயே அல்வா வேகும். திருநெல்வேலி அல்வாவைப் போல வழுக்கிக்கொண்டு போகாது. கத்தியால் வெட்டிக் கையில் எடுத்துத் தின்னலாம், சில நாள் வைத்திருந்தும் தின்னலாம்.

● காபித் தூளில் சிக்கரி கலக்கலாம். ஆனால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் தூள் பாக்கெட் தெரிந்தால் ஒரு கண் போடுங்கள், நீங்கள் குடிப்பது எது என்று தெரிந்துவிடும்.

● டீக்கடையில் ஒரு கரண்டித் தூளில் அத்தனை கிளாஸ் எப்படி வருகிறது? இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் எந்திர முறை 1930-களில் அசாமில் வந்தது. அப்படிச் செய்த பொடித்தூள் சட்டென்று சாயமும் கடுப்பும் இறக்கும். துணிப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றியதும் டிக்காஷன் தயார். முழு இலைத் தேயிலையை வைத்துக்கொண்டு மாஸ்டர் பேருந்து புறப்படுவதற்குள் பத்து டீ ஆற்ற முடியாது.

● இதே டீக்கடையின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். இரட்டைக் குவளை. சிலருக்கு உள்ளே பெஞ்சில் கண்ணாடிக் கிளாஸ், சிலருக்கு வெளியே தனிக் குவளை, குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். இது பழங்கதை என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். சென்னை மாகாணத்தில் 1938-லேயே இத்தகைய இழிவுகளை நீக்கச் சட்டம் வந்தது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. தீண்டாமை தண்டனைக்குரிய குற்றம் என்று 1955-இல் தனிச் சட்டம், 1989-இல் இன்னும் கடுமையான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இத்தனைக்குப் பிறகும் சில ஊர்களில் குவளை வேறு வேடம் போட்டது. கண்ணாடிக் கிளாஸ் ஒருவருக்கு, வீசியெறியும் கப் இன்னொருவருக்கு. ஒரே நேரத்தில் ஒரே கடையில் இரண்டு வகையும் ஓடுகிறது என்றால், யாருக்கு எது போகிறது என்று கவனியுங்கள். அப்படிப்பட்ட கடை டீ எவ்வளவு மணமாக இருந்தாலும் குடிக்கத் தகுந்ததில்லை.

● ஆமவடை பொரிக்கும் எண்ணெய்க்கும் சட்டம் இருக்கிறது. திரும்பத் திரும்பச் சூடாக்கினால் எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் அமலில் உள்ளது. கருவி இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? கறுத்து, நுரை கட்டி, கண்ணைக் கரிக்கும் புகை வந்தால் வேறு கடை பாருங்கள். காலை முதல் ஈட்டு வடைதான் எப்போதும் பாதுகாப்பு.

● சின்ன ஓட்டலில் பில்லுக்கு மேல் ஜிஎஸ்டி கேட்டால் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் உணவகம் பதிவு செய்ய வேண்டியதில்லை, பதிவில்லாதவர் வரி வாங்கவும் கூடாது. விற்பனையில் ஒரு சிறு விகிதத்தைத் தானே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் உங்களிடம் தனியாக வரி பிரிக்க முடியாது.

● நெடுந்தூரப் பேருந்து நிற்கும் மோட்டல் ஓட்டுநர் ருசி பார்த்துத் தேர்ந்ததில்லை, பெரும்பாலும் ஒப்பந்தம் எடுத்த இடம். இரவில் அங்கே வாழைப்பழம், கடலை மிட்டாயோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

● சாப்பாட்டுப் பண்டத்தை அச்சடித்த செய்தித்தாளில் சுற்றித் தரக் கூடாது. மை எண்ணெயில் கரைந்து வடைக்குள் இறங்கும். ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் சேர்த்தி. ஆனாலும் கொதிக்கும் சால்னாவை மெல்லிய பையில் கட்டித் தொங்கவிட்டுத் தருவது நிற்கவில்லை. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, வெறுங்கையோடு போய்ப் பார்சல் கேட்கிறவர்கள் நாம்தான். அடுத்த தடவை இந்தப் பக்கம் வரும்போது வண்டியில் ஒரு தூக்குவாளி வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தோடு வருகிறவருக்கு ஒரு கரண்டிச் சால்னா கூடவே விழும்.